ஊசி போட்ட தோளும் செக்ரோல் ஏடும்

பால்வெட்டுத் தொழிலாளிக்கு நிலம் கிடையாது. வட்டிக்கு விட்ட பணமும் கிடையாது. அவருக்குள்ள சொத்து இரண்டு கைகள்தாம். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, 500 மரத்துக்குக் குறையாமல் உளி பிடிக்கும் கை அது. அந்தக் கை ஒரு நாள் தோளுக்கு மேலே எழ மறுத்துவிட்டால் அக்குடும்பத்தின் அடுப்பு எப்படி எரியும்?

ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரத்துத் தோட்டங்கள் பலவும் இன்று வீட்டுமனைகளாகிவிட்டன. அங்கே அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு, வேனில் ஏறித் தொலைவிலுள்ள தோட்டத்துக்கு வேலைக்குப் போய் வருகிறார் ஓர் அக்காள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மரம் வெட்டுகிறவர். சென்ற ஆண்டு மழை நாளொன்றில் உளி வழுக்கி இடக்கைப் பெருவிரலைக் கிழித்துவிட்டது. ஒரு கிளினிக்கில் தையல் போட்டார்கள். டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள். இடக்கையில் காயம் இருந்ததால் ஊசி வலது தோளில் இறங்கியது.

ஐந்து நாள் விடுப்பு முடிந்தது, பெருவிரல் ஆறிவிட்டது. அக்காள் பெரட்டுக்கு வந்தார். ஆனால் வலக்கை எழவில்லை. “கிராணி தம்பி, ஊசி போட்ட அன்று ராத்திரியிலிருந்து இப்படித்தான். தலை வார முடியவில்லை, ரவிக்கையில் கை நுழைக்க முடியவில்லை, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை” என்றார். கிராணி சிரித்தார். “ஊசி வலி இரண்டு நாளில் போய்விடும் அக்கா, எல்லாருக்கும் வந்ததுதானே!” என்றார். மறுநாள் அக்காள் வரவில்லை. செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதினார் கிராணி. அதற்கடுத்த நாளும் அப்படியே எழுதினார்.

அந்தக் கிராணி வேறு யாருமல்லர்; இந்தத் தலையங்கத்தை எழுதுகிறவர்தான். ஆகவே பிறரைக் குற்றம் சொல்லப் புறப்படுமுன், நம் பேனா செய்த குற்றத்தை முதலில் ஒப்புக்கொள்கிறோம்.

ஊசி போட்ட கை வலிப்பது சகஜம் என்பது மெய்தான். 2021-இல் கோவிட் தடுப்பூசிக்காக மைன்ஸ் மாநாட்டு மண்டபம் போன்ற பெரிய மண்டபங்களில் நாம் வரிசை வரிசையாக நின்றோம். கை வலித்தது, இரண்டு மூன்று நாளில் மறந்தும் போனோம். அது தசையின் வலி. மருந்துக்கு உடல் பதில் சொல்கிறது என்பதே அதன் பொருள்.

அக்காளுக்கு வந்தது அந்த வலியன்று. தோளின் மேற்புறத்தில், தசைக்கு அடியிலே, எலும்பும் தசைநாரும் உராயாதபடி மெல்லிய சவ்வுப்பை ஒன்று இருக்கின்றது. ஊசியைத் தோள்தசையின் நடுவில் போடாமல் மிக உயரத்தில் போட்டுவிட்டால், மருந்து அந்தச் சவ்வுப்பையிலோ தசைநாரிலோ மூட்டின் உறையிலோ இறங்கிவிடக்கூடும். அங்கே அழற்சி உண்டாகிறது. தோள் வலித்து இறுகிப்போகிறது. அமெரிக்க மருத்துவர்கள் இத்தகைய 13 பேரின் நிலையை ஆராய்ந்து 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டு, தடுப்பூசி போடும் முறையால் வரும் தோள் காயம் என்று இதற்குப் பெயரும் வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர்க்கு ஒரு நாளுக்குள்ளேயே வலி தொடங்கியிருந்தது, மாதக்கணக்கில் நீடித்தது. 2017-இல் அமெரிக்க அரசாங்கம் இந்தக் காயத்தை நஷ்ட ஈட்டுப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

தோழர்கள் இதைக் கவனமாக மனத்தில் கொள்ள வேண்டும். குற்றம் மருந்தின்மீது இல்லை. ஊசி இறங்கிய இடத்தின்மீது உள்ளது. எனவே ‘ஊசியே வேண்டாம்’ என்று எவரேனும் சொன்னால் அதைக் காதில் வாங்காதீர்கள். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் அம்மை குத்திக்கொண்டுதான் நம் பாட்டன் பாட்டியர் கப்பலேறினார்கள். கிராமம் கிராமமாக மனிதரை வாரிக்கொண்டு போன பெரியம்மை, உலகிலேயே இல்லாமல் ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்கப்பட்டது. அந்த ஊசியால்தான் ஒழிந்தது. உளியால் கிழிபட்ட கைக்கு டெட்டனஸ் ஊசி வேண்டாம் என்று சொல்வது உயிரோடு விளையாடுவதாகும். ஊசி வேண்டும். அதைச் சரியான இடத்தில் போடவும் வேண்டும்.

சரியான இடம் எது? தோள்முனை எலும்பைத் தொட்டுப் பார்த்து, அதிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, அக்குள் மட்டத்துக்கு மேலே, தசை திரண்டிருக்கும் நடுப்பகுதிதான் அது. போட்டுக்கொள்பவரும் உட்கார்ந்திருக்க வேண்டும். போடுபவரும் உட்கார்ந்து போட வேண்டும். நின்றுகொண்டு போடும்போது ஊசி உயரத்தில் இறங்கிவிடுகிறது. மெலிந்த உடம்புக்கு நீண்ட ஊசி ஆகாது.

நம் பெண்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இறுக்கமான கை வைத்த ரவிக்கை மேலே ஏறாது. கூச்சத்தினால் கழுத்துப் பக்கமாகச் சற்றே விலக்கித் தோளுச்சியை மட்டும் காட்டுவார்கள். அவசரத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் குத்திவிடுவார். ஊசிக்குப் போகும் நாளில் தளர்ந்த அரைக்கைச் சட்டை போட்டுச் செல்லுங்கள். இல்லையென்றால் மறைப்பான இடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 48 மணி நேரம் என்ற கணக்கை ஒவ்வொரு தொழிலாளியும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். தோள் காயமானால் பெரும்பாலும் ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கிவிடும். அதுதான் மருத்துவர் பார்க்கும் முதல் அடையாளம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் கொடுத்த விடுப்பை அது தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அனுமதியின்றி வேலைக்கு வராதவராகவே கருதப்படுவீர்கள். வேலையில் நேர்ந்த விபத்தைத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை.

அக்காள் விஷயத்தில் பெருவிரலைப் பற்றி எழுதி அனுப்பினோம். தோளைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. பிழை எங்கே நேர்ந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா?

சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு, இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18 நாள். ஐந்தும் அதற்கு மேலும் ஆனால் 22 நாள். தோள் இறுகிப்போனால் 22 நாளில் சரியாகுமா? அக்காளுக்கு ஐந்து மாதம் பிடித்தது. நல்ல வேளையாக, அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளியும், பிறகு நிபுணரிடம் ஐந்து வெள்ளியும் கட்டி, ஸ்கேன் எடுத்து, சவ்வுப்பையில் அழற்சி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மருந்தும் தோள் பயிற்சியும் கொடுத்தார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகும் ஆபத்து அதிகம். நம்மவரிடையே நீரிழிவு எவ்வளவு என்பது நாம் அறியாததா? ஒரு வாரத்துக்கு மேல் கை எழாவிட்டால் தைலம் தடவிக்கொண்டு காத்திராதீர்கள். டாக்டரிடம் போங்கள், ஊசி போட்ட தேதி, கை, நேரம் மூன்றையும் சொல்லுங்கள்.

2021-இல் நம் அரசாங்கம் கோவிட் தடுப்பூசியால் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்குச் சிறப்பு நிதியுதவி அறிவித்தது. நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்க்கு 50,000 வெள்ளி வரை. நிரந்தர ஊனத்துக்கும் மரணத்துக்கும் 500,000 வெள்ளி வரை. வரவேற்கிறோம். ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்கவுமில்லை, நிரந்தர ஊனமுமில்லை, ஐந்து மாதம் உளி பிடிக்க மட்டும் முடியவில்லை என்றால் அவர் எந்தப் படியில் நிற்பார்? இரண்டு படிக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார். நாள்கூலிக்காரர் விழும் பள்ளம் எப்போதும் இந்த நடுப்பள்ளந்தான்.

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. தோள் காயமென்று டாக்டர் எழுதிக் கொடுத்தவர்க்குக் கை எழும்வரை இலேசான வேலை கொடுக்க வேண்டும். அதற்காக அவர் கூலியைக் குறைக்கக் கூடாது. வேலையில் பட்ட காயத்துக்கு வைத்தியம் செய்யப் போய் வந்த வலியையும் அந்தக் காயத்தின் தொடர்ச்சியாகவே சொக்சோ கருத வேண்டும். விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாவிட்டால் நூற்றுக்கு 80 பங்கு கூலி தரும் ஏற்பாடு அங்கே இருக்கின்றது. அது தோளுக்கும் கிடைக்கட்டும். தோட்டத்துக்கு வந்து ஊசி போடுவோர் உட்கார்ந்து போட இரண்டு நாற்காலியும் ஒரு மறைப்புத் திரையும் நிர்வாகம் தர வேண்டும். இதற்கு எத்தனை வெள்ளி செலவாகிவிடும்?

கடைசியாக, கிராணித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. செக்ரோல் நம் கையில் இருக்கின்றது. ‘வரவில்லை’ என்ற சொல்லை எழுத நமக்கு ஒரு விநாடிகூட ஆவதில்லை. அந்தச் சொல் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சோற்றைத் தட்டிப் பறிக்கிறது. எழுதுமுன் ‘ஏன் வரவில்லை?’ என்று கேளுங்கள். கை வலி என்று சொன்னால் சிரிக்காதீர்கள். “தலைக்கு மேல் தூக்கிக் காட்டுங்கள் அக்கா” என்று சொல்லுங்கள். எழாத கை உங்கள் கண்ணுக்கே தெரியும்.

அக்காள் இன்று மறுபடியும் மரம் வெட்டுகிறார். உயரப் பட்டையில் வெட்டும்போது மட்டும் தோளை ஒரு முறை தடவிக்கொள்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் நம் பேனா தலை குனிகின்றது. இனி எந்தத் தோட்டத்திலும் எந்தக் கிராணியின் பேனாவுக்கும் அந்தத் தலைகுனிவு நேரக்கூடாது.