ஸ்ரீவராகத்துப் புத்தக அலமாரிகளைப் பற்றி ஒரு மடல்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகம் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இருக்கும் என் தமிழ்ச் சொந்தங்களுக்கு, மாமாக்களுக்கும் மாமிகளுக்கும், அண்ணாச்சிமாருக்கும் மதினிமாருக்கும், நான் ஊரை விட்ட பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும், சிங்கப்பூரிலிருந்து வணக்கம்.

நான் கிளம்பி வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் வந்து போனதோடு சரி, உங்களுக்கென்று உட்கார்ந்து நான்கு வரி எழுதியதில்லை. இப்போது எழுத வைத்தது போன சித்திரையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நான் பார்த்த ஒரு காட்சி.

பெரியப்பாவின் காரியம் முடிந்த மறுநாள். வீட்டை விற்பதென்று முடிவாகிவிட்டது, அலமாரியை ஒழிக்க வேண்டும். பழைய சாமான் வாங்குகிற ஆக்ரிக்காரர் வந்து கொக்கித் தராசைத் தூக்கிப் பிடித்தார். இரண்டு சாக்கு நிறையப் புத்தகம். எங்கள் வீட்டு ஆட்கள்தான் கட்டிக் கொடுத்தோம், நானும் அதில் ஒருத்தி. முதல் சாக்கு எடை போட்டுத் தெருவுக்குப் போன பிறகுதான் எனக்குக் கை நின்றது. இரண்டாவது சாக்கைத் திண்ணையிலேயே கொட்டச் சொன்னேன்.

அதில் இருந்தவற்றைச் சொல்கிறேன். பெ. தூரன் ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியத்தில் மூன்று தொகுதிகள். பெ. நா. அப்புசாமியின் அறிவியல் கட்டுரைகள். கே. கே. பிள்ளையின் தமிழக வரலாறு. நீல பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’. ஆ. மாதவனின் கதைகள். வாரப் பத்திரிகையிலிருந்து வாரா வாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த ‘பொன்னியின் செல்வன்’. அந்தப் பைண்டுக்கு முதுகில் ஒட்டியிருந்தது பெரியம்மாவின் பழைய புடவைக் கரை. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. ராமபாணப் பூச்சி ஓரங்களைத் தின்றிருந்தாலும் தையல் விடவில்லை.

கலைக்களஞ்சியத்தின் கடைசித் தொகுதிகளில் ஒன்றைப் புரட்டினேன். வால்நட்சத்திரம் பற்றிய பக்கத்தில், ஹாலி எழுபத்தாறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அருகே பெரியப்பாவின் சின்ன எழுத்தில் ‘1986. பார்க்க வேண்டும்.’ அதற்குக் கீழே, வேறு மையில், ‘1986 ஏப்ரல், சங்குமுகம். பார்த்தாயிற்று.’ இரண்டு வரிக்கும் நடுவே பல வருஷம். அத்தனை வருஷமும் ஒரு மனிதர் ஒரு தேதியை மனசில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். அதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு தமிழ்ப் புத்தகம். அந்தத் தொகுதியைத்தான் நாங்கள் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று கொடுக்கப் பார்த்தோம்.

காரியத்துக்கு வந்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி, பத்தாம் வகுப்பு, தரையில் கிடந்ததைப் பார்த்து என்னிடம் கேட்டாள்: “அத்தை, தமிழ்ல சயன்ஸ் புக் எல்லாம் உண்டா?” அவள் வேண்டுமென்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்த தமிழ்ப் புத்தகம் என்றால் பூஜையறையில் இருக்கிற கந்த சஷ்டிக் கவசமும் பஞ்சாங்கமும்தான். படிப்புக்கு இங்கிலீஷ், கதைக்கும் செய்திக்கும் மலையாளம், பாட்டியிடம் பேசத் தமிழ். அப்படித்தான் வீடுகளில் பங்கு பிரிந்து கிடக்கிறது. தோத்திரப் புத்தகங்களை மட்டும் பத்திரமாக வைத்துவிட்டு மற்றதையெல்லாம் சாக்கில் போட்டால், அந்தப் பிள்ளை வேறென்ன நினைக்கும்?

இந்த ஊரில் அந்தப் பங்கு பிரிப்பு எப்போதும் இருந்ததில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். 1855-ல் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். தமிழ்நாட்டில் இன்று அரசு விழாக்கள் தொடங்குகிற வாழ்த்துப் பாடல், 1891-ல் வெளியான அவருடைய நாடகத்தின் தொடக்கத்தில் இருப்பது. அந்த நாடகத்தின் கதைக்கரு லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கதையிலிருந்து வந்தது. அதே மனிதர் ‘நூற்றொகை விளக்கம்’ என்று ஒரு சிறு நூல் எழுதினார். உலகத்து அறிவுத் துறைகளையெல்லாம் வகை பிரித்துத் தமிழில் விளக்குகிற முயற்சி அது. அதே மனிதர் திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, இந்த நாட்டின் பழைய அரசர்களின் காலத்தை ஆராய்ந்து எழுதினார். நாடகம், சாஸ்திரம், சரித்திரம் மூன்றும் ஒரே மேசையில். நாற்பத்திரண்டு வயதில், 1897-ல் போய்விட்டார். அந்த மேசை இருந்தது நம்முடைய இந்த ஊரில்.

அவருக்குப் பிறகும் அந்தச் சரடு அறவில்லை. நீல பத்மநாபன் மின்வாரியத்தில் எஞ்சினீயராக இருந்தவர். ‘பள்ளிகொண்டபுர’த்தில் வருகிற அனந்தன் நாயர் சுற்றுவது நாம் தினமும் நடக்கிற கோட்டைத் தெருக்களில்தான். நகுலன் இங்கிலீஷ் வாத்தியார். 1968-ல் ‘குருக்ஷேத்திரம்’ தொகுப்பை இங்கிருந்துதான் கொண்டுவந்தார். ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தவர். அவரைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது மலையாளத்தில். தமிழைத் தானாகப் படித்துக்கொண்டார். அவருக்குத்தான் 2015-ல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. “பிள்ளைகள் மலையாளம் மீடியம், இங்கிலீஷ் மீடியம், இனி எங்கே தமிழ் வாசிக்க?” என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் சாலைத் தெரு பதில் சொல்லியிருக்கிறது.

நம் பிள்ளைகள் பலரின் அப்பாக்கள் தும்பாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியபோது மேரி மக்தலேனா தேவாலயம்தான் அலுவலகமாக இருந்தது. கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ தமிழில் இருக்கிறது. தன் ஊர்க் கடற்கரையில் நடந்ததைத் தன் வீட்டு மொழியில் வாசிக்க ஒரு பிள்ளைக்கு வழி இருக்கும்போது, அந்த வழியை அடைப்பது நாமாக இருக்கக் கூடாது.

இங்கே நான் இருக்கிற பக்கம் ஜூரோங்கில் ஒரு வட்டார நூலகம் உண்டு. தமிழுக்கென்று தனி அடுக்குகள். நாவலுக்கு இரண்டு அடுக்கு தள்ளி உடல்நலம், அதற்குப் பக்கத்தில் சரித்திரம், கீழே குழந்தைகளுக்கான விண்வெளிப் புத்தகம். என் மகன் அங்கேதான் தமிழ் எழுத்துக்கூட்டினான். முதலில் அவன் எடுத்தது டைனோசர் புத்தகம். அது தமிழில் இருந்தது என்பதை அவன் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை, டைனோசரைத்தான் கவனித்தான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இது அரசாங்கம் மட்டும் தந்த வசதி அல்ல. 1935-ல் ‘தமிழ் முரசு’ தொடங்கிய கோ. சாரங்கபாணி, பிற்பாடு ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று ஒரு நிதி திரட்டினார். கூலி வேலை செய்தவர்களும் சிறு சிறு தொகையாகக் கொடுத்தார்கள். மலாயாப் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்கியது அந்தப் பணத்தில். நம் ஊருக்கும் இப்படியொரு கொடை வந்ததுண்டு. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை எழுந்தது அழகப்பச் செட்டியார் கொடுத்த ஒரு லட்சம் ரூபாயில். அவர் நம் ஊர்க்காரர்கூட இல்லை.

உங்களிடம் நான் லட்சம் கேட்கவில்லை. ஓர் அறை கேட்கிறேன். குளக்கரைப் பக்கம் பூட்டிக் கிடக்கிற முன்கட்டு எத்தனையோ வீட்டில் இருக்கிறது. அது முடியாதென்றால், பக்கத்து வாயனசாலை நூலகத்தில் பேசி இரண்டு அலமாரிக்கு இடம் வாங்குங்கள். பி. என். பணிக்கர் 1945-ல் அம்பலப்புழையில் நாற்பத்தேழு வாயனசாலைகளைக் கூட்டிச் சங்கம் ஆரம்பித்த நாடு இது. தமிழுக்கு இரண்டு தட்டு என்று கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். நம் மலையாளி அண்டை வீட்டார் புத்தகத்துக்கு மரியாதை செய்யத் தெரிந்தவர்கள். பாளையத்தில் இருக்கிற, 1829-ல் ஏற்பட்ட பொது நூலகத்திலும் தமிழ் நூல்கள் உண்டு. பிள்ளைகளுக்கு ஓர் அட்டை எடுத்துக் கொடுங்கள்.

அலமாரியை அடுக்கும்போது ஒன்று மட்டும் என் வேண்டுகோள். பக்திப் புத்தகங்களால் அதை நிரப்பிவிட வேண்டாம். அவை வீட்டில் இருக்கட்டும், அவற்றை யாரும் எறியப் போவதில்லை. இந்த அலமாரியில் ஒரு நட்சத்திரப் புத்தகம், ஒரு சோழர் சரித்திரம், ஒரு மாதவன், ஒரு நகுலன், ஒரு துப்பறியும் கதை எல்லாம் தோளோடு தோள் நிற்கட்டும். கதை தேடி வருகிற பிள்ளையின் கை தவறிச் சரித்திரத்தின் மேல் படட்டும். பெரியப்பாவின் அலமாரி அப்படித்தான் இருந்தது. சின்ன வயதில் சமையல் குறிப்பு தேடப் போய்த்தான் நான் எரிமலையைப் பற்றிப் படித்தேன்.

இன்னொன்று, இது பெரியவர்களுக்கு. உங்கள் அலமாரியில் எது இருக்கிறது, யாருக்குப் போக வேண்டும் என்று இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். நகைக்கு எழுதி வைக்கிறோம், பாத்திரத்துக்கும் எழுதி வைக்கிறோம். பெரியப்பா எழுதி வைத்திருந்தால் முதல் சாக்கு போயிருக்காது. அதில் என்னென்ன இருந்ததென்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மீட்ட புத்தகங்கள் முப்பத்தொன்று. வேப்பிலையும் வசம்பும் போட்டு இரண்டு அட்டைப் பெட்டியில் கட்டி, எதிர் வீட்டு மாமியின் முன்னறையில் பலகை மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பெட்டியை ஈரம் எட்டாதபடி வைத்திருக்கிறோம், ஆனாலும் எடவப்பாதி மழைக்கு அட்டை தாங்காது. மழைக்கு முன்னால் யாராவது ஓர் அலமாரிக்கு ஏற்பாடு செய்யுங்கள். அலமாரிக்கான செலவு என்னுடையது. வால்நட்சத்திரம் இருக்கிற தொகுதியை மட்டும் முதலில் அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுங்கள். ஹாலி அடுத்து வருவது 2061-ல். அவள் பார்ப்பாள்.