அட்வான்ஸ் எனும் வாசல்: நியூயார்க்கைக் கொண்டாடும் நாம் கோவில்பட்டியில் என்ன செய்கிறோம்?

 

2025 நவம்பர் 4 அன்று நடந்த தேர்தலில் ஸொஹ்ரான் மம்தானி நியூயார்க் மாநகர மேயராக வென்ற செய்தி வந்தபோது நம் கைபேசிகள் ஓயவே இல்லை. அம்மாநகரின் முதல் முஸ்லிம் மேயர் என்று வாழ்த்தினோம், ஸ்டேட்டஸ் வைத்தோம், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று அதையே பேசினோம். மகிழ்ந்தது குற்றமன்று. ஆனால் அவர் எதைச் சொல்லி வாக்குக் கேட்டார் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்? வாடகையைச் சொல்லிக் கேட்டார். வாடகை வரம்புக்குள் இருக்கும் ஏறத்தாழ 10 லட்சம் வீடுகளில் உயர்வை நிறுத்தி வைப்பேன் என்பதுதான் அவருடைய முதல் வாக்குறுதி. பெயரைக் கொண்டாடிய நாம் அந்த வாக்குறுதியை நம் தெருவுக்குக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தால் நம்மில் சிலருக்குச் சங்கடம்.

மம்தானிக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இதே வழியில் ஒருவர் சென்றிருக்கிறார். அவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். நம்மில் பலர் அவர் பெயரைக் கேட்டதுகூட இல்லை. புனேயில் பிறந்து, மும்பையில் வளர்ந்து, பொருளாதாரம் படித்து ஆசிரியராக இருந்த க்ஷமா சாவந்த், 2013இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றத்துக்குச் சோசலிச வேட்பாளராக நின்று வென்றார். குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 15 டாலர், வாடகைக் கட்டுப்பாடு, செல்வர்கள் மீது வரி ஆகிய மூன்றும் அவர் முன்வைத்த கோரிக்கைகள். மன்ற உறுப்பினருக்கான பெரிய சம்பளத்தில் சராசரித் தொழிலாளியின் ஊதிய அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைப் போராட்ட நிதிக்குக் கொடுத்தார். நம் ஊர்களில் வார்டு உறுப்பினராவதற்கு எவ்வளவு செலவாகிறது, அதை எப்படித் திருப்பி எடுக்கிறார்கள் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

வாஷிங்டன் மாநிலத்தில் நகர மன்றங்கள் வாடகைக்கு வரம்பு விதிக்க 1981 முதலே சட்டத் தடை உண்டு. 'எனக்கு அதிகாரம் இல்லை' என்று அவரும் கையை விரித்திருக்கலாம். விரிக்கவில்லை. தடையில்லாத இடம் எது என்று தேடினார். 2016 டிசம்பரில் ஒரு சட்டம் நிறைவேறியது: குடியேறும்போது வாங்கும் வைப்புத்தொகையும் பிற கட்டணங்களும் சேர்ந்து ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது, அதையும் தவணையாகச் செலுத்தலாம். அடுத்து, குளிர்கால மாதங்களில் குடியிருப்போரை வெளியேற்றுவதற்குத் தடை வந்தது. 2019 தேர்தலில் அமேசான் நிறுவனம் ஏறத்தாழ 15 லட்சம் டாலரை இறக்கியும் அவர் தோற்கவில்லை. மறு ஆண்டே பெருநிறுவனங்கள் மீது வரி விதிக்கப்பட்டது. ஏழைகளுக்கான வீடுகளுக்கு நிதி தேடியே அந்த வரிக்காகப் போராடினார்கள். சியாட்டிலில் வாடகை மலிந்துவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை, மலியவில்லை. சாவந்தின் எல்லா நிலைப்பாடுகளிலும் நமக்கு உடன்பாடும் இல்லை. ஆயினும் ஒரு மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் இல்லை என்ற அந்த ஒரு சட்டத்தை மட்டும் எடுத்து நம் கரிசல் மண்ணில் வைத்துப் பாருங்கள்.

விளாத்திகுளத்திலும் எட்டயபுரத்திலும் கயத்தாற்றிலும் மானாவாரி பொய்த்த ஆண்டுகளில் குடும்பங்கள் கோவில்பட்டிக்குத்தான் வருகின்றன. தீப்பெட்டிக் கம்பெனியும் கடலைமிட்டாய்க் கடையும் பட்டாசு வேலையும் அவர்களுக்குச் சோறு போடும், வீடு கொடுப்பதில்லை. காம்பவுண்டு வீட்டில் ஓர் அறையும் ஓர் அடுப்படியும், நான்கைந்து குடும்பத்துக்குப் பொதுவான ஒரு கழிப்பறையும், முறை வைத்துப் பிடிக்கும் தண்ணீரும்தான் கிடைக்கின்றன. சொந்தமாகக் கட்டலாம் என்றால் மண்ணே எதிரி. கோடையில் வெடித்து, மழையில் உப்பும் கரிசலில், வானம் ஆழமாகத் தோண்டிக் கெட்டி நிலம் காணாமல் சுவர் எழுப்பினால் இரண்டாம் மழைக்கே விரிசல் விழும். பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் நகர்ப்புறத்தில் சொந்தமாகக் கட்டிக்கொள்வோருக்கு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து கொடுத்து வந்த 2.10 லட்சம் ரூபாயில் பெரும்பகுதி அந்த அஸ்திவாரத்துக்குள்ளேயே போய்விடும். அதையும் பெற சொந்த மனை வேண்டும். 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் கிராமப்புறத்துக்கு மட்டுமே உரியது. ஆக, நகராட்சி எல்லைக்குள் மனையின்றி வாடகைக்குக் குடியிருப்பவருக்கு இவ்விரண்டு உதவிகளும் எட்டுவதில்லை.

அவரிடம் நாம் என்ன கேட்கிறோம்? பத்து மாத அட்வான்ஸ். மாத வாடகை 5,000 என்றால் 50,000 ரூபாய். தீப்பெட்டி ஒட்டும் பெண்மணி அத்தொகைக்கு எங்கே போவார்? குழுக் கடனுக்குப் போவார். வாரத் தவணைக்காரரிடம் போவார். அதுவும் போதாவிடில் கந்துவட்டிக்குப் போவார். வட்டி ஹராம் என்று ஒவ்வொரு வெள்ளியும் கேட்டுத் தலையசைக்கும் நாம், வட்டி அந்த வீட்டுக்குள் நுழையும் வாசலை நம் கையாலேயே திறந்து வைக்கிறோம். ஒத்தி வீட்டைப் பற்றி நம் ஆலிம்கள் கண்டித்துப் பேசியிருக்கிறார்கள். கடனுக்கு ஈடாக அனுபவிக்கும் பயன் வட்டியில் சேரும் என்பது அவர்கள் வாதம். சரியான எச்சரிக்கைதான். ஆனால் ஒத்திக்குப் போகாதே என்று ஏழைக்குச் சொல்லும் மிம்பர், பத்து மாத அட்வான்ஸ் வாங்காதே என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வீட்டு உரிமையாளருக்குச் சொன்னதை நாம் அதிகம் கேட்டதில்லை.

இத்தனைக்கும் சட்டம் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்த 2017இல் தமிழ்நாடு இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை கூடாது என்பது அதன் விதி. வேறு உடன்பாடு செய்துகொண்டாலன்றி என்று ஒரு பொந்தும் அதிலேயே உண்டு. அந்தப் பொந்து வழியாகத்தான் பத்து மாதமும் நுழைகிறது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும் என்பதும் சட்டம்தான். உங்கள் காம்பவுண்டில் யாரிடம் அப்படி ஒரு தாள் இருக்கிறது?

2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது. 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடு. ஆண்டு முழுவதற்கும் சேர்த்தே சில நூறு ரூபாய் கூடியிருக்கும். அதைக் காரணம் காட்டி மாதத்துக்கு 500 ஏற்றியவர்களை நாம் அறிவோம். அவர்களில் நம்மவர்களும் உண்டு.

'முஸ்லிம் என்றால் வீடு தர மாட்டேன் என்கிறார்களே' என்று நாம் குமுறுகிறோம். நியாயமான குமுறல், பெயரைச் சொன்னதும் போன் துண்டிக்கப்பட்ட அனுபவம் நம் வீடுகளில் உண்டு. ஆனால் நம்மவர் வீடு காலியாக இருக்கும்போது, கணவனை இழந்து தனியாக நிற்கும் பெண்ணிடமும், புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய குடும்பத்திடமும் 'பேசி முடித்துவிட்டோம்' என்று பொய் சொன்னது யார்?

மதீனாவில் நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் சந்தித்த முதற்பெரும் பிரச்சினைகளுள் ஒன்று வீடுதான். மக்காவில் எல்லாவற்றையும் விட்டு வந்த முஹாஜிர்களுக்கு அன்சாரிகள் தம் வீட்டைப் பகிர்ந்தார்கள். அப்படியும் இடமில்லாதவர்களுக்குப் பள்ளிவாசலின் ஓரமே வீடாயிற்று. திண்ணைத் தோழர்கள் என்று நாம் போற்றும் அவர்கள் வீடற்றவர்கள். இன்று நம் பள்ளிவாசல்கள் பலவற்றுக்குக் கடை வாடகை வருகிறது. அந்த வருவாயில் மினாரா உயர்கிறது, குளிர்சாதனம் வருகிறது. ஜமாஅத் பொறுப்பில் அட்வான்ஸ் இல்லாத நான்கு சிறு வீடுகள் ஏன் எழவில்லை?

சாவந்த் நம் மார்க்கத்தவர் அல்லர், சோசலிசவாதி, அவரிடம் நமக்கென்ன என்று கேட்பவர் இருக்கிறார்கள். நபித்துவத்துக்கு முன், வஞ்சிக்கப்பட்ட ஒரு வணிகருக்காக மக்காவில் கூடிய ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையில் பங்கேற்றதை நபியவர்கள் பின்னாளிலும் பெருமையாகவே நினைவுகூர்ந்தார்கள் என்பது வரலாறு. அதில் கூடியிருந்தோர் முஸ்லிம்கள் அல்லர். அநீதிக்கு எதிராக ஒன்றுசேர வேறு தகுதி என்ன வேண்டும்?

வார்டு உறுப்பினருக்கு வாடகையில் என்ன அதிகாரம் என்ற கேள்வியும் வரும். உண்மை, சட்டம் மாநில அரசுடையது. ஆனால் அந்தப் பொந்தை அடைக்கச் சொல்லி மன்றத்தில் தீர்மானம் கொண்டுவர அவரால் முடியும். ஒப்பந்தப் பதிவுக்கு வார்டில் முகாம் கேட்க முடியும். 2022இல் விதிகள் வகுக்கப்பட்ட வார்டு குழு, பகுதி சபாக் கூட்டங்களில் காம்பவுண்டு வீடுகளின் கழிப்பறையையும் தண்ணீரையும் பொருளாக வைக்க முடியும். அக்கூட்டங்களுக்கு நாம் போவதே இல்லை என்பது வேறு கதை. 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரே இல்லாதிருந்தபோதும் நாம் பெரிதாகக் கேட்கவில்லை.

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. வேட்பாளர்கள் வழக்கம்போல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியும் நேரம் பார்த்து வந்து வாசலில் கைகூப்பி நிற்பார்கள். மையவாடிக்குச் சுற்றுச்சுவர் கேட்போம்; கேட்கத்தான் வேண்டும். இம்முறை, அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது என்ற தீர்மானத்தைக் கொண்டுவருவீர்களா என்றும் கேட்போம். பதிலை எழுத்தில் வாங்குவோம். அதற்கு முன், நம் ஜமாஅத்தில் வாடகைக்கு வீடு விட்டிருப்போர் தாங்களே மூன்று மாதத்துக்கு மேல் வாங்குவதில்லை என்று கையொப்பமிட்டு ஒரு தாளைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். இதை எழுதும் எங்களிலும் வாடகை வாங்குவோர் இருக்கிறார்கள். முதல் பெயர்கள் அவர்களுடையவையாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.