மெல்லிய திரையும் நீண்ட பொறுமையும்



இலண்டன் மாநகரில் பணிபுரியும் நம் மருமகன், மறைந்த நம் தமக்கையின் மகன், சென்ற ஆண்டு ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தான். “மாமா, பழம்பொருள் ஏலத்தில் ஒரு சோடி ஒலிபெருக்கி வாங்கியிருக்கிறேன். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் போலத் தட்டையாக இருக்கின்றன. ஒன்று நன்றாகப் பாடுகிறது. மற்றொன்று ‘டிக், டிக்’ என்று வெடிக்கிறது. பின்பக்கத்தைக் கழற்றிப் பார்க்கட்டுமா? நீங்கள்தாம் சொல்ல வேண்டும்” என்றான்.

“முதலில் கையிலுள்ள திருப்புளியைக் கீழே வை” என்றோம். அவன் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை உண்டு.

நாம் அவ்வாறு பதறியதற்குக் காரணம் உண்டு. குருமடத்தில் பயின்ற நாள்களில் பழைய வால்வு வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் பழுதுபார்ப்பதில் நமக்குப் பெருவிருப்பம். ஒருமுறை, மின் இணைப்பைத்தான் எடுத்துவிட்டோமே என்ற துணிவில் உள்ளே கைவைத்தோம். மின்தேக்கியில் தங்கியிருந்த மின்சாரம் நம்மைச் சுவரோரம் தள்ளியது. அந்த வானொலியில் இருந்தது சில நூறு வோல்ட்டே. மருமகன் திறக்க எண்ணிய பெட்டியில் இயங்குவதோ ஆறாயிரம் வோல்ட்!

அது எவ்வகைக் கருவி என்பதைச் சற்று விளக்குவோம். உலர்ந்த தலைமுடியைச் சீப்பால் வாரி, அச்சீப்பைக் காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டுசென்றால் அவை துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த இந்த நிலைமின்சாரமே இக்கருவியின் உயிர். சாதாரண ஒலிபெருக்கியில் காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்து ஒரு காகிதக் கூம்பை முன்னும் பின்னும் தள்ளுகின்றன. நிலைமின் ஒலிபெருக்கியிலோ கூம்பும் இல்லை, காந்தமும் இல்லை. துளைகள் இட்ட இரண்டு தகடுகளின் நடுவே மிக மெல்லிய பிளாஸ்டிக் திரை ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அத்திரைக்கு உயர்ந்த மின்னழுத்தம் ஊட்டப்படுகிறது. பாட்டின் மின்னலைகள் தகடுகளுக்குச் செல்லும்போது ஒரு தகடு திரையை இழுக்கிறது, மற்றது தள்ளுகிறது. திரை அசைய, காற்று அசைகிறது; பாட்டுப் பிறக்கிறது. திரைக்கு எடையே இல்லை எனலாம். ஆதலால் ஒலி எழும்போது உடனே எழும். நிற்கும்போது உடனே நிற்கும். பாடகர் மூச்சு வாங்குவதுகூடத் தெளிவாகக் கேட்கும்.

இங்கிலாந்தில் ஹண்டிங்டன் என்னும் சிற்றூரில் குவாட் ஒலிக்கருவிகளைச் செய்துவந்த பீட்டர் வாக்கர் என்பார், 1957-ஆம் ஆண்டில் இவ்வகை ஒலிபெருக்கியை வீடுகளுக்கென விற்பனைக்குக் கொண்டுவந்தார். தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலிவரை அனைத்தையும் திரைகளே தந்த கருவி அது. 1985 வரை அது செய்யப்பட்டு வந்தது. மருமகன் வாங்கியது இதைத்தான். இதன் வழித்தோன்றலான ஈ.எஸ்.எல்.-63 என்பது 1981-இல் வெளிவந்தது. அதன் ஆராய்ச்சி தொடங்கிய ஆண்டு 1963. அதுவே பெயரில் நின்றது. ஒரு கருவிக்காகப் பதினெட்டு ஆண்டு உழைத்தவர்களின் பொறுமையை எண்ணி வியக்கிறோம்.

இதே தத்துவத்தைச் செவியளவுக்குச் சுருக்கியவர்கள் ஜப்பானியர். 1938-இல் தோன்றிய ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960-இல் நிலைமின் ஹெட்போனை விற்கத் தொடங்கியது. அதை அவர்கள் ஹெட்போன் என்னாது, ‘காது ஒலிபெருக்கி’ என்னும் பொருள்படவே அழைத்தனர். அவர்களுடைய சில கருவிகளில் திரையின் தடிப்பு ஒன்று அல்லது இரண்டு மைக்ரானே. அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஓரிரு பங்கு. நம் தலைமயிர் அதனினும் பன்மடங்கு தடித்தது.

இத்தகைய பொருளைப் பழையதாக வாங்க எண்ணுவோர் சிலவற்றை மனத்திற்கொள்ள வேண்டும்.

முதலாவது, படத்தைப் பார்த்துப் பணம் கொடுத்தல் ஆகாது. மின்னூட்டம் திரையில் ஏறுவதற்கு நேரம் பிடிக்கும். நெடுநாள் மூலையில் கிடந்ததற்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். எனவே இணைத்து வைத்து, ஒரு மணி நேரமாவது கழித்துக் கேளுங்கள். ஒருவர் தனியே பேசும் ஒலிப்பதிவை இரு பக்கமும் ஒரே அளவாக ஒலிக்கச் செய்யுங்கள். குரல் நட்ட நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் மறுபக்கம் நலிந்திருக்கிறது என்று பொருள். ஹெட்போனாயின், உள்ளே வரும் இடம் வலம் கம்பிகளை மாற்றிச் செருகிப் பாருங்கள். நலிவு மறுகாதுக்கு மாறினால் குறை பாட்டுத் தரும் கருவியிலோ கம்பியிலோ இருக்கிறது. மாறாது அதே காதில் நின்றால் ஹெட்போனையோ, அதை இயக்கும் பெட்டியையோ ஐயுற வேண்டும்.

இரண்டாவது, இணையும் இணையும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். நிலைமின் ஹெட்போனைச் சாதாரணத் துளையில் செருக இயலாது. அதற்கெனத் தனிப்பெட்டி வேண்டும். ஸ்டாக்ஸின் பழைய வகைக்கு 230 வோல்ட், ஆறு முனைச் செருகி. பிற்காலத்து ‘புரோ’ வகைக்கு 580 வோல்ட், ஐந்து முனைச் செருகி. ஹெட்போனை மட்டும் மலிவாக வாங்கிவிட்டுப் பெட்டிக்காக அலைவோர் உண்டு. மேலும், ஜப்பானில் விற்கப்பட்ட பெட்டி அந்நாட்டின் 100 வோல்ட்டுக்கு உரியது. நம் நாட்டு 230 வோல்ட்டில் அதை நேரே இணைத்தால் மின்மாற்றி கருகிவிடும்.

மூன்றாவது, வலியது நல்லது என்று எண்ணாதீர்கள். வாக்கரின் 1957-ஆம் ஆண்டு ஒலிபெருக்கி, பதினைந்து வாட் தரும் வால்வு ஆம்ப்ளிபயருடன் வாழப் பிறந்தது. இக்காலத்து நூறு வாட் கருவியை இணைத்து ஒலியைக் கூட்டினால், உயர்ந்த ஒலி தரும் நடுப்பலகையில் மின்பொறி பாய்ந்து திரை பொத்துப் போகும். இன்னிசைக்கு ஏற்றதேயன்றித் திருமணப் பந்தலுக்கு ஏற்றதன்று. ஒலி பின்புறமும் எழுவதால் சுவரோடு ஒட்டி வைத்தலும் கூடாது.

நான்காவது, தூசியும் ஈரமும் இதன் பகைவர்கள். மின்னூட்டம் பெற்ற எதுவும் தூசியை இழுக்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் மின்னூட்டம் கசியும். கடலோர ஊர்களில் வாழ்வோர் இதை நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனிப் பழுதைப் பற்றிச் சொல்வோம். ஒலி வரவர மெலிந்தால், உயர் மின்னழுத்தம் தரும் பகுதி முதுமையடைந்திருக்கலாம். ‘டிக், டிக்’ என்னும் வெடிப்பு, மின்சாரம் எங்கோ கசிந்து பாய்வதைக் காட்டும். அதிர்வோசை கேட்டால், தூசி காக்கும் மேலுறை கிழிந்தோ தளர்ந்தோ இருக்கலாம். ஈ.எஸ்.எல்.-63 வகையில் பலகைகளை ஒட்டிய பசை காலப்போக்கில் விட்டுப்போவது பலரும் கண்ட குறை. இவற்றில் வீட்டார் செய்யத் தக்கது குறையைக் கவனித்து எழுதிவைப்பது மட்டுமே. மின் இணைப்பை எடுத்த பின்னும் மின்னூட்டம் உள்ளே தங்கும். அதைப் பாதுகாப்பாக இறக்கி, பலகையைப் பிரித்து, புதிய திரை இழுத்து, மின்பூச்சிட்டு மீண்டும் பொருத்துவது தேர்ந்த கைகளின் வேலை. அவ்வேலையைச் செய்யும் பட்டறைகள் இங்கிலாந்திலும் செர்மனியிலும் இன்றும் உண்டு. ஆகவே விலை கேட்கும்போதே பழுதுபார்க்கும் கூலியையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் கூட்டி வருவதே உண்மையான விலை.

நம் மருமகன் இக்கணக்கைப் பிந்தியே போட்டான். கூலி, அவன் ஏலத்தில் கொடுத்த விலையை விஞ்சியது. மூன்று மாதம் காத்திருந்தான். “ஏமாந்துவிட்டேனோ மாமா?” என்று இடையிடையே வருந்தினான். “எதற்காக இதை வாங்கினாய்?” என்று ஒருநாள் கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, “அம்மாவின் பாட்டைக் கேட்கத்தான்” என்றான்.

1994-இல் நம் தமக்கை அடுக்களையில் நின்று தாலாட்டுப் பாடியதை யாரோ விளையாட்டாக ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தனர். தாயின் குரலாக அவனிடம் எஞ்சியிருப்பது அந்த ஒன்றே.

அதை அறிந்ததும் நம் ஆலோசனை மாறியது. “ஒலிபெருக்கி கிடக்கட்டும். முதலில் அந்த நாடாவைப் பிரதி எடு” என்றோம். திரை கிழிந்தால் வேறு திரை இழுக்கலாம். பூஞ்சை பிடித்து நாடா சிதைந்தால் அக்குரலை மீட்டுத் தரும் பட்டறை எங்கும் இல்லை. அவன் அவ்வாரமே பிரதி எடுத்து, ஒன்றை நமக்கும் அனுப்பினான்.

ஒலிபெருக்கி திரும்பி வந்த அன்றிரவு அவன் மீண்டும் அழைத்தான். “மாமா, நாடாவின் இரைச்சல் முழுவதும் கேட்கிறது. குக்கர் விசில் கேட்கிறது. வாசலில் யாரோ அழைப்பதுகூடக் கேட்கிறது” என்றான். துல்லியமான கருவி குறையை மறைக்காது. குறை சொல்கிறானோ என்று எண்ணினோம். “அம்மா பாட்டை நிறுத்திவிட்டு, ‘இதோ வருகிறேன்’ என்று மெதுவாகச் சொல்கிறார்கள். இத்தனை நாளும் அது எனக்குக் கேட்டதே இல்லை” என்றான். அவன் குரல் தழுதழுத்தது.

தொலைபேசியை அவன் ஒலிபெருக்கியின் அருகே பிடித்தான். நமக்குக் கேட்டது தகரத்தில் தட்டினாற்போன்ற ஒலியே. ஆயினும் நாம் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

உங்கள் இல்லத்துப் பெட்டியிலும் இத்தகைய நாடா ஒன்று கிடக்கலாம். ஒலிபெருக்கி வாங்குவதைப் பற்றிப் பிறகு எண்ணலாம். நாடாவை இன்றே தேடி எடுங்கள்.