கூரத்துச் செப்பேடு காட்டும் வழி

காஞ்சிக்கு அணித்தே உள்ள கூரம், ஸ்ரீராமாநுஜரின் சிஷ்யர்களில் தலைசிறந்த கூரத்தாழ்வான் அவதரித்த ஊர் என்பதை வைஷ்ணவ உலகம் நன்கறியும். அவருக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே, முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் காலத்தில், அங்கே வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்னும் கற்றளி எழுந்ததையும், அதற்கு விடப்பட்ட தர்மத்தையும் கூரத்துச் செப்பேடுகள் விரித்துரைக்கின்றன. வழிபாட்டோடு அந்தச் சாசனம் நின்றுவிடவில்லை. ஆலயத்தைப் பழுதுபார்க்கவும், மண்டபத்தில் தண்ணீரும் தீயும் வைக்கவும், அங்கே பாரதம் வாசிப்பவர் ஜீவிக்கவும் அது பங்கு வகுத்தது. பாலாற்றிலிருந்து ஏரிக்கு நீர் கொணரும் பெரும்பிடுகு வாய்க்காலைச் சொல்லிற்று. ஊராரின் செக்கையும் தறியையுங்கூட மறக்கவில்லை. கல்லைக் காப்பது அதன் நிழலில் வாழும் குடிகளைக் காப்பதே என்று அன்றைய ராஜாங்கம் அறிந்திருந்தது.

இன்றைய சட்டமோ கல்லை மட்டுமே அறியும். 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் திருத்தப்பட்டபின், மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை கட்டவும், தடைப் பகுதியில் பழைய வீட்டைப் புதுப்பிக்கவும் அனுமதி வேண்டும். அதற்குத் தில்லியிலுள்ள தேசியச் சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரையும் வேண்டும். கயிலாசநாதர் கோயிலும் வைகுந்தப் பெருமாள் கோயிலும் விளங்கும் நகரில் இத்தகைய கட்டுப்பாடு அவசியமென்பதில் எமக்கு ஐயமில்லை. அடுக்குமாளிகைகள் அந்த விமானங்களை மறைப்பதற்கு நாம் ஒருநாளும் சம்மதியோம். ஆனால் காஞ்சியின் நெசவாளிக்கு வீடே தொழிற்சாலை. தரையில் தோண்டிய குழியில்தான் தறி நிற்கிறது. கூரை ஒழுகினால் பட்டுப் பாவு நனைகிறது, குழியில் நீர் ஊறினால் வேலையே நின்றுபோகிறது. அவருடைய ஓட்டைப் பழுதுபார்க்கும் விண்ணப்பத்தையும், வியாபாரி எழுப்பும் மாடிக்கட்டடத்தின் விண்ணப்பத்தையும் ஒரே வழியில் நடத்துவது நியாயமாகாது.

ஆகவே, உயரமும் பரப்பும் மாறாத குடியிருப்புப் பழுதுகளுக்கு அனுமதி தரும் அதிகாரத்தைக் காஞ்சியிலேயே அமரும் தொல்லியல் அலுவலரிடம் ஒப்படைக்கச் சட்டத்தைத் திருத்த வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். ஏரிகளைத் தூர்வாருவதும் வரத்துக் கால்வாய்களின் ஆக்கிரமிப்பை அகற்றுவதும் கோயில் திருப்பணிக்குச் சமமான தொல்பொருட் பாதுகாப்பு என்று மாநில அரசு கருத வேண்டும். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் சொல்வோரும் கூத்தாடுவோரும் இப்பக்கங்களில் இன்னும் இருக்கிறார்கள். செப்பேடு அளித்த பங்கைப்போல் அவர்களுக்கும் நிலையானதொரு மானியத்தை, வரும் வரவு செலவுத் திட்டத்திலேயே கலை பண்பாட்டுத் துறை ஒதுக்கட்டும்.