நள்ளிரவு 1 மணி, ஒரு மைக், இரண்டு நண்பர்கள்: வெட்டி அரட்டையா இது?

நண்பர்கள் ரெண்டு பேர், ஒரு மைக், மணிக்கணக்கில் பேச்சு. உள்ளூர் ராப் பாடகர்களைக் கூப்பிட்டு பாட்டு, தெரு, வேலை, வாழ்க்கை என எல்லாவற்றையும் பேசும் நிகழ்ச்சிகள் இன்று ஏராளம். கூடவே ஒரு கேள்வியும் வரும்: ‘இதையெல்லாம் யாருப்பா கேட்கப் போறாங்க?’

இந்தக் கேள்விக்கு நியூயார்க் ஒரு பதில் வைத்திருக்கிறது.

என்ன நிகழ்ச்சி அது?

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மாணவர் வானொலி, டபிள்யூ.கே.சி.ஆர் 89.9 எஃப்.எம். 1990 அக்டோபரில் அங்கே ஒரு ஹிப்-ஹாப் நிகழ்ச்சி தொடங்கியது. பாட்டு போட்டவர் ‘ஸ்ட்ரெட்ச் ஆம்ஸ்ட்ராங்’ என்ற பெயரில் டி.ஜே.வாக இருந்த ஏட்ரியன் பார்டோஸ். பேச்சுக்கு அவருடைய நண்பர் பாபிட்டோ கார்சியா. நேரம்? வியாழக்கிழமை இரவு தாண்டி, 1 மணி முதல் 5 மணி வரை. ஊரே தூங்கும் நேரம்.

ஒருவரை ஒருவர் கலாய்ப்பது, போனில் வரும் நேயர்களை வம்புக்கு இழுப்பது என்று பேச்சு எங்கெங்கோ போகும். நடுவில் யாராவது ஓர் உள்ளூர் பையன் மைக்கைப் பிடித்து, அந்த இடத்திலேயே வரி கட்டி ராப் பண்ணுவான்.

வந்தவர்கள் யார்?

நாஸ், நொட்டோரியஸ் பி.ஐ.ஜி., வூ-டாங் கிளான், ஃபியூஜீஸ், எமினெம். இவர்கள் உலகத்துக்குத் தெரியும் முன்பே அந்த மைக்குக்குத் தெரிந்தவர்கள். 1995-ல் ஹார்லெமைச் சேர்ந்த பிக் எல், தன்னுடன் ஜே-ஸீயை அழைத்து வந்தார். ஜே-ஸீயின் முதல் ஆல்பம் வந்ததே 1996-ல்தான். பிக் எல் 1999-ல் சுட்டுக் கொல்லப்பட்டார், வயது 24. அன்று இரவு இருவரும் மாறி மாறிப் பாடியது இன்றும் கேட்கக் கிடைக்கிறது. நேயர்கள் ராத்திரி கண் விழித்து கேசட்டில் பதிவு செய்ததும், அந்தக் கேசட்டுகள் கை மாறிப் போனதும்தான் இந்த நிகழ்ச்சியின் ‘ஷேர் பட்டன்’.

ஏன் எடுபட்டது?

விளம்பரம் இல்லாத வானொலி என்பதால், ‘இந்தப் பாட்டு ஓடுமா?’ என்று கேட்க ஆளில்லை. யாரும் விரும்பாத நேரம் என்பதால் பிடுங்கிக்கொள்ளவும் ஆளில்லை. புதுப் பையன் சொதப்பினாலும் அடுத்த வாரம் இன்னொருவனுக்குக் கதவு திறந்திருந்தது. நிகழ்ச்சி நின்றது 1998-ல். அதே ஆண்டு ‘தி சோர்ஸ்’ பத்திரிகை, எல்லா காலத்துக்கும் சிறந்த ஹிப்-ஹாப் வானொலி நிகழ்ச்சி என்று அதைத் தேர்ந்தெடுத்தது. 2015-ல் பாபிட்டோவே அதை ஆவணப்படமாக எடுத்தார். 2017-ல் இருவரும் மறுபடி சேர்ந்து பாட்காஸ்ட் தொடங்கினார்கள்.

நமக்கு என்ன?

இன்று மைக் மலிவு. பொறுமைதான் விலை அதிகம். மூன்றாவது எபிசோடில் வியூஸ் ஏறவில்லை என்றால் கடையை மூடிவிடுகிறோம். இல்லையென்றால் ஏற்கெனவே பிரபலமானவரைத் தேடி ஓடுகிறோம். அந்த இரண்டு நண்பர்கள் செய்தது இதற்கு நேரெதிர்: பெயர் இல்லாதவருக்கு முதலில் இடம் கொடுத்தார்கள்.

இங்கும் அதற்கு இடம் உண்டு. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2004-ல் தொடங்கிய அண்ணா எஃப்.எம்., நாட்டின் முதல் கேம்பஸ் சமூக வானொலி. இன்று பல கல்லூரிகளில் இத்தகைய நிலையங்கள் இருக்கின்றன. இரவில் சும்மா கிடக்கும் ஒரு மணி நேரத்தை உள்ளூர் ராப் பாடகர்களுக்கும் அவர்களுடைய நண்பர்களுக்கும் கொடுத்தால் என்ன நஷ்டம்?

யார் கேட்கப் போகிறார்கள் என்பது பிறகு. ஒரு ஊரின் இளைஞர்கள் எப்படிப் பேசினார்கள், எதற்குக் கோபப்பட்டார்கள் என்பதை யாராவது பதிவு செய்து வைத்தால்தான், பிறகு கேட்பதற்கே ஏதாவது இருக்கும்.