கையாந்தகரையைக் களை என்பதா?

கடந்த தவணை நடந்த சிரமதானத்தில் எமது வகுப்புக்குக் கிடைத்தது குழாயடி. அரை மணித்தியாலத்தில் புல் பூண்டெல்லாம் பிடுங்கிக் குவித்துவிட்டோம். கை கழுவும்போதுதான் பார்த்தேன், உள்ளங்கை கறுத்திருந்தது. மண் கறையல்ல, சவர்க்காரம் போட்டும் போகவில்லை. வீட்டில் மூத்தம்மா என் கையை விரித்துப் பார்த்தார். "ஏன் புள்ள, கையாந்தகரையையா புடுங்கி எறிஞ்சிட்டு வந்திருக்காய்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதன் பெயரே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கரிசலாங்கண்ணி என்றும் சொல்வார்கள். சிங்களத்தில் கீகிரிந்திய. சூரியகாந்திக் குடும்பத்துச் செடி என்றால் நம்ப மாட்டீர்கள். பூ ஒரு சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். ஒரு பூ என்று நாம் நினைப்பது ஒரு கூட்டம். ஓரத்தில் மெல்லிய வெண்ணிறக் கதிர்ப் பூக்கள், நடுவில் நெருக்கமாகக் குழாய்ப் பூக்கள். சூரியகாந்தியில் உள்ள அதே ஒழுங்கு. உயிரியல் படிக்கும் அக்காமார் இந்தக் குடும்பத்தைப் படத்தில் பார்த்து மனனம் செய்கிறார்கள். நாங்களோ அதைக் குப்பையில் கொட்டினோம்.

இதில் எனக்கு ஆத்திரம் வேறொன்றில்தான். வாசற்பாத்தியில் நாம் தினமும் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் மஞ்சள் பூக் கொடியும் இதே குடும்பம்தான். அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இடம்பிடித்தது. பரவிய இடத்தில் வேறெதையும் தலைதூக்க விடாது. சிலர் அதையே மூலிகையான பொற்றலைக் கையாந்தகரை என்று நினைத்தும் நடுகிறார்கள். இலையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: ஆக்கிரமிப்புக் கொடியின் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிளந்திருக்கும், மூலிகையின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும். அழகுக்காக வந்ததற்குப் பாத்தி, தானாக முளைத்ததற்கு மண்வெட்டி. இது என்ன நியாயம்?

"வயல் வரம்பில் வேண்டிய மட்டும் கிடக்கிறதே" என்று ஒரு தோழி சொன்னாள். கிடக்கிறதுதான். ஆனால் களைநாசினி தெளித்த வரம்பில் பிடுங்கியதைச் சுண்டலுக்கு அரிய உங்கள் உம்மா சம்மதிப்பாரா? கழிவு வாய்க்கால் ஓரத்தில் செழித்து நிற்பதும் அப்படித்தான், சாப்பாட்டுக்கு ஆகாது. ஆகவே, நம் கண்முன்னே நல்ல தண்ணீரில் வளர்ப்பதுதான் வழி.

வளர்ப்பது மிகச் சுலபம். பூத்துலை கபில நிறமாகக் காய்ந்ததும் கசக்கினால் சின்னஞ்சிறு கருவிதைகள் உதிரும். ஈரமண்ணின் மேல் தூவி உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால் போதும். மண் போட்டு மூடக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். (நான் முதல் தடவை மூடிவிட்டுப் பத்து நாள் காத்திருந்தேன்.) விதை கிடைக்காவிட்டால் கணுவோடு ஒரு துண்டுத் தண்டை ஈரமண்ணில் படுக்க வையுங்கள், கணுவில் வேர் விடும். பழைய வாளி, உடைந்த பேசின் எதுவானாலும் சரி. வெயில் வேண்டும், ஈரம் காயக் கூடாது. வுழூச் செய்யும் இடத்துத் தண்ணீர் வீணாய் ஓடும் பக்கம் இதற்கென்றே அமைந்தது போலிருக்கும். முளைத்து ஐந்தாறு வாரத்தில் பூக்கும். நுனியைக் கிள்ளக் கிள்ளக் கிளை வெடிக்கும்.

மூத்தம்மா இலையை இடித்துச் சாறு பிழிந்து, தேங்காயெண்ணெயில் விட்டு, சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சுவார். நரைத்த முடி கறுக்கும் என்று வாதாட நான் வரவில்லை. அவருடைய முடியே வெள்ளைதான். ஆனால் கடையில் இச்செடியின் படம் ஒட்டிய எண்ணெய்ப் போத்தலை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு, செடியை மட்டும் அடையாளம் தெரியாமல் மிதிப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

குழாயடியில் நாங்கள் தவறவிட்ட ஒரு துண்டு மறுபடியும் தளிர்த்திருக்கிறது. அடுத்த சிரமதானத்துக்கு முன் அதைச் சுற்றி நாலு கல் வைத்து, பெயர்ப்பலகை ஒன்று நட விவசாயக் கழகத்தார் அனுமதிக்க வேண்டும். பலகையை நான் எழுதித் தருகிறேன்.