மெராக் படகும் நம்ம ஊரு முகாமும்

ஏழாயிரம்பண்ணை தோழர்களே, கொஞ்சம் நின்னு படிங்க!

2009 அக்டோபர். முள்ளிவாய்க்கால் முடிஞ்சு ஐந்தே மாதம். ஆஸ்திரேலியா நோக்கிப் போன சுமார் 250 ஈழத்தமிழர்களின் மரப்படகை மறித்து, ஜாவாவின் மெராக் துறைமுகத்தில் நிறுத்தியது இந்தோனேசியக் கடற்படை.

ஆறு மாதம்! கைக்கெட்டும் தூரத்தில் கரை. ஆனால் கைக்குழந்தையோடு குடும்பம் நடத்தியது படகிலேயே, தார்ப்பாய்க்குக் கீழே.

"எறங்க வேண்டியதுதானே?" என்று கேட்டார்கள். எறங்கினா எங்கே போறது? 2010 ஏப்ரலில் இறக்கினார்கள். கொண்டுபோன இடம் தஞ்சோங் பினாங் தடுப்பு முகாம்! அவங்க பயந்தது சரியாத்தானே போச்சு?

ஆஸ்திரேலியாவைத் திட்டுறது சுலபம். நம்ம நாடு என்ன செஞ்சது?

நம்ம மாவட்டத்துலயே, குல்லூர்சந்தையில முகாம் இருக்கு. தமிழகத்து முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுக்கும் கதவைத் திறந்தது. இலங்கையின் பேரே அதுல இல்ல! 2021-ல் 'அகதிகள் முகாம்' என்பது 'மறுவாழ்வு முகாம்' ஆனது. நல்லது. பலகை மாறினா மட்டும் போதுமா?

பட்டாசு ஆலை வெடிச்சா நாம ரோட்டுல உட்கார்ந்து நிவாரணம் கேட்கிறோம். அதிகாரி ஓடி வர்றார். ஏன்? நமக்கு ஓட்டு இருக்கு. அவங்களுக்கு?

மெராக்கில் ஆறு மாதம். இங்கே 1983-லிருந்து கரையில் கட்டிய படகுதான்!

ஓட்டு கேட்டு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் கேளுங்க: கயிறை எப்போ அவிழ்ப்பீங்க?

#குடியுரிமை_கொடு